வூபர்ன் ஆர்கன் பெர்லினில்: "காப்பாற்றிவிட்டோம்" என்ற சொல்லைப் பற்றி

சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். மேற்கு நாடுகளில் சர்ச்சுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன, உள்ளே இருக்கும் பைப் ஆர்கன்களை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம், ஒவ்வொரு குழலையும் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்து மென்பொருளாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் அதன் சாரம். "கட்டடம் போனாலும் ஃபைல் இருக்கும்" என்று ஒரு வரி வேறு. எழுதும்போது அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு உலகமே ஃபைலாகத் தெரியும் என்பதற்கு அது நல்ல உதாரணம். அந்தக் கருத்தைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. அதற்காக, "பிரித்து எடுத்துப்போய் வேறு ஊரில் நிறுத்திவிட்டோம், ஆர்கன் பிழைத்தது" என்று சொல்கிறவர்கள் பக்கம் நான் முழுசாகச் சாய்ந்துவிட்டேன் என்றும் இல்லை. இரண்டிலும் எங்கோ கணக்கு இடிக்கிறது. அது எங்கே என்று பார்க்கலாம்.

முதலில், இது என்ன சாதனம்

நம்ம ஊரில் ஆர்கன் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது எலக்ட்ரானிக் கீபோர்டு, இல்லாவிட்டால் ஹார்மோனியம். பைப் ஆர்கன் வேறு ஜாதி. கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஒரு பெரிய துருத்தி. அதிலிருந்து சீரான அழுத்தத்தில் காற்று ஒரு மரப்பெட்டிக்குப் போகிறது. பெட்டியின் மேல் வரிசை வரிசையாகக் குழல்கள். பெரும்பாலானவை புல்லாங்குழல் போல வாயில் காற்று மோதி ஒலிப்பவை. மற்றவை கிளாரினெட் போல நாக்கு அதிர்ந்து ஒலிப்பவை. ஒரு குழலுக்கு ஒரே சுரம்தான். ஆகவே ஒரு வகை நாதம் வேண்டுமென்றால் சுமார் 60 குழல் கொண்ட ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசைக்குப் பெயர் ஸ்டாப். நடுத்தர அளவு ஆர்கனிலேயே ஆயிரத்துக்கும் மேல் குழல்கள் இருக்கும். விரல் நீளத்துக் குழலும் உண்டு, 16 அடி நீளத்துக் குழலும் உண்டு. உலோகக் குழல்கள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை, மீதி மரம்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இந்தக் குழல்களைப் பட்டறையில் செய்து கொண்டுவந்து அப்படியே நட்டு வைப்பதில்லை. கட்டடத்துக்குள் வைத்த பிறகு, ஒரு ஆள் வாரக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு குழலையும் ஊதவைத்துக் கேட்டு, அதன் வாயைக் கொஞ்சம் உயர்த்தி வெட்டி, காலடித் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தியோ சுருக்கியோ அந்த அறைக்குப் பொருத்துவார். வாய்சிங் என்று பெயர். எதிரொலி அதிகமுள்ள கல் கட்டடத்துக்கு ஒரு மாதிரி, மரமும் காரையும் உள்ள கூடத்துக்கு வேறு மாதிரி. துளையைத் திரும்பச் சுருக்கலாம். வாயை ஒருமுறை உயர்த்தி வெட்டிவிட்டால் வெட்டிய உலோகம் திரும்ப வராது.

அதாவது ஒரு பழைய ஆர்கனின் குழல்களில், அது நின்ற அறையின் அளவுகள் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன. "மூடப்படும் சர்ச்சிலிருந்து ஆர்கனை எடுத்தாச்சு" என்று சொல்லும்போது இதை மனதில் வைக்க வேண்டும். எடுத்தது பாதியைத்தான். மீதிப் பாதி அந்தச் சுவர்கள்.

வூபர்ன்

2007 வாக்கில் ஆன்சைட் வேலையாக இரண்டு வருடம் பாஸ்டனுக்கு வடக்கே இருந்தேன். வாரத்துக்கு இரண்டு நாளாவது வூபர்னில்தான் சாப்பாடு. அந்த ஊர் 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் தொழிலில் கொழித்த ஊர் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. அங்கே ஒரு யூனிட்டேரியன் சபைக்காக 1870இல் பாஸ்டனின் ஹுக் சகோதரர்கள் மூன்று கீபோர்டு அடுக்குள்ள ஆர்கன் ஒன்று செய்து தந்தார்கள் என்பதும், நான் அங்கே போவதற்குச் சில வருடம் முன்பே அது கடல் கடந்துவிட்டது என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

எலியாஸ் ஹுக், ஜார்ஜ் கிரீன்லீஃப் ஹுக் இருவரும் மாசசூசெட்ஸின் சேலம் ஊர்க்காரர்கள். 1827இல் தொழில் தொடங்கினார்கள். பின்னால் ஹேஸ்டிங்ஸ் என்பவர் கூட்டாளியாகச் சேர்ந்தார். 1935இல் நிறுவனம் மூடப்படுவதற்குள் 2,500க்கும் மேற்பட்ட ஆர்கன்கள் அந்தப் பட்டறையிலிருந்து போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓபஸ் என்று வரிசை எண் உண்டு. வூபர்னுடையது ஓபஸ் 553.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். சபை சுருங்கியது. கூரைக்குச் செலவு, ஹீட்டிங்குக்குச் செலவு, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. கடைசியில் மூடினார்கள்.

மூடும் சர்ச்சில் ஆர்கனுக்கு என்ன நடக்கும் என்பது ரொம்ப நடைமுறையான விஷயம். ஹீட்டிங்கை நிறுத்திய முதல் குளிர்காலத்திலேயே ஈரப்பதம் ஏறி இறங்கும். மரம் வெடிக்கும், துருத்தித் தோல் விறைக்கும். கூரை ஒழுகினால் காற்றுப்பெட்டி போச்சு. ஈயத்துக்காகக் குழலைத் திருடுகிறவர்களும் உண்டு. கட்டடம் வாங்கியவருக்கு இது இடத்தை அடைக்கும் சாமான். இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பார், ஆனால் குறித்த தேதிக்குள். ஆர்கனின் விலை பூஜ்யமாக இருக்கலாம். அதைப் பிரித்து, எண் போட்டு, பெட்டி கட்டி, பழுது பார்த்து, இன்னொரு இடத்தில் நிறுத்தும் செலவு பூஜ்யமாக இருக்காது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலானவை குப்பைக்குப் போகின்றன.

இதை முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் 1956இல் ஆர்கன் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி தொடங்கியது. 1961இல், வீடிழந்த ஆர்கனுக்கும் ஆர்கன் தேடும் சர்ச்சுக்கும் வரன் பார்த்து வைப்பதற்கென்றே ஆர்கன் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு வந்தது.

பெர்லின்

ஓபஸ் 553 போய்ச் சேர்ந்தது பெர்லினின் கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் உள்ள ஹைலிக் கிராய்ட்ஸ் சர்ச்சுக்கு. தமிழில் சொன்னால் திருச்சிலுவை ஆலயம். யோஹானஸ் ஓட்ஸன் வடிவமைத்து 1888இல் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம். உலகப் போரில் பலமாக அடிபட்டது. பவுட்ஸன் ஊரின் ஹெர்மன் ஒய்லே பட்டறை ஆர்கனைப் புதுப்பித்து 2001இல் அங்கே நிறுத்தியது.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது, வாங்கிய சர்ச்சின் கதை. அதுவும் சுருங்கிய சபைதான். 1990களின் முதல் பாதியில் உள்ளே எஃகும் கண்ணாடியுமாக மாடங்கள் அமைத்து, கட்டடத்தை வழிபாட்டுக்கு மட்டும் என்றில்லாமல் கூட்டம், கச்சேரி, சமூகப் பணி எல்லாவற்றுக்கும் பயன்படும்படி மாற்றினார்கள். வீடற்றவர்களுக்கான உதவி, அகதிகளுக்குச் சர்ச்சில் அடைக்கலம் கொடுக்கும் இயக்கம் என்று அந்தச் சபைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. தன் சர்ச்சை மூடாமல் இருக்க வழி கண்டுபிடித்த ஒரு சபை, மூடிய சர்ச்சின் ஆர்கனை எடுத்துக்கொண்டது.

அலுவலக வேலையாகப் பெர்லின் போனபோது ஒரு மாலை அங்கே போனேன். கச்சேரி எதுவும் இல்லை. யாரோ பயிற்சி செய்துகொண்டிருந்தார். நாலு பார் வாசிப்பார், நிறுத்துவார், மறுபடி அதே நாலு பார். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒலி மேலே கூரைக்குப் போய்க் கரைந்தது. மென்மையான புல்லாங்குழல் ஸ்டாப் ஒன்று; ஆரம்பத்தில் லேசாகத் துப்பிவிட்டுப் பிறகு சுரம் பிடிக்கும். கேட்க அழகாக இருந்தது. கீழே ரெண்டு பேர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆர்கனை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் அரை மணி நேரம் கேட்ட பிறகு ஒரு கேள்வி வந்தது. நான் கேட்பது எந்த ஆர்கனை? குழலின் வாய்கள் வூபர்னின் கூடத்துக்கு வெட்டப்பட்டவை. அவை பேசுவது பெர்லினின் செங்கல் வளைவுகளுக்குக் கீழே. இது கெட்டது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் 1870இல் வூபர்ன்காரர்கள் கேட்டது இது இல்லை. அந்த ஒலி எங்கேயும் இல்லை.

மெத்தூன் சொல்லும் பாடம்

இதற்கு நேர்மாறான ஒரு பயணமும் உண்டு. 1863இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்கிலிருந்து வால்க்கர் நிறுவனம் பாஸ்டன் மியூசிக் ஹாலுக்கு ஒரு மாபெரும் ஆர்கனை அனுப்பியது. விலை சுமார் 60,000 டாலர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 20 வருடம் கழித்து, புதிதாக உருவான பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவுக்கு மேடையில் இடம் வேண்டும் என்று 1884இல் அதைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். பல வருடம் கிடங்கில் கிடந்தது. 1897இல் எட்வர்ட் சேர்ல்ஸ் என்ற செல்வந்தர் அதை 1,500 டாலருக்கு வாங்கினார். 60,000 எங்கே, 1,500 எங்கே!

சேர்ல்ஸ் அதைக் கொண்டுபோய் ஏதோ ஒரு கட்டடத்தில் திணிக்கவில்லை. மெத்தூன் என்ற ஊரில் அந்த ஆர்கனுக்காகவே ஒரு கூடம் கட்டினார். 1909இல் திறந்தார்கள். கட்டடம் போனால் ஆர்கன் போகும் என்பது வழக்கம். இங்கே ஆர்கனுக்காகக் கட்டடம் வந்தது. இன்றும் அங்கே கச்சேரிகள் நடக்கின்றன.

இதை ஒரு வெற்றிக்கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்வேன். ஆனால் முழுக்கதையில் இன்னொரு வருடம் உண்டு: 1947. அந்த வருடம் ஏயோலியன்-ஸ்கின்னர் நிறுவனம் இந்த ஆர்கனைத் திருத்திக் கட்டியது. அப்போதைய ரசனைக்கு ஏற்ப நாதத்தையே மாற்றினார்கள். மரவேலைப்பாடு மிகுந்த பிரம்மாண்டமான முகப்பு அதேதான். உள்ளே ஒலிப்பதில் 1863இன் பங்கு எவ்வளவு, 1947இன் பங்கு எவ்வளவு என்று தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"காப்பாற்றிவிட்டோம்" என்ற சொல்லோடு எனக்கு இருக்கும் பிரச்சினை இதுதான். அது ஒரு நாளில் முடிந்துவிடும் காரியம் மாதிரி ஒலிக்கிறது. ரிப்பன் வெட்டுவதோடு செய்தி முடிந்துவிடுகிறது. உண்மையில் அதன்பிறகு ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக முடிவெடுக்கிறது: தோலை மாற்றுவதா, ரசனையை மாற்றுவதா, விற்பதா.

என் பழைய வாதம்: ஃபைல்

இப்போது என் சொந்தத் தப்புக்கு வருகிறேன்.

ஒலிப்பதிவு முறை உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு குழலையும் தனியாக ஒலிக்கவிட்டுப் பதிவு செய்கிறார்கள். நீடிக்கும் பகுதியைச் சுழலவிட இடம் பார்த்து வைக்கிறார்கள். விரலை எடுத்ததும் அறையில் ஒலி கரைவதையும் தனியாகப் பிடிக்கிறார்கள். குறுகிய சுரத்துக்கு ஒன்று, நீண்டதற்கு ஒன்று என்று. கிராண்ட்ஆர்க் போன்ற திறந்த மூல மென்பொருளில் ஏற்றி, ரெண்டு மிடி கீபோர்டை மேலும் கீழுமாக வைத்தால், ஃப்ளாட்டின் சின்ன ரூமில் ஹெட்போனுக்குள் ஒரு தேவாலயம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு இல்லை. நான் ராத்திரி 11 மணிக்கு வாசிக்கிறேன். அதற்கு நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆர்கனை இடம் மாற்றினால் குழல் தப்பிக்கிறது, அறை போகிறது. ஒலிப்பதிவு செய்தால் அறை தப்பிக்கிறது, குழல் போகிறது. கட்டடம் இடிந்த பிறகும் அந்தக் கூரையின் எதிரொலி ஃபைலில் இருக்கும். நான் இதில்தான் மயங்கியிருந்தேன். மூன்று விஷயங்கள் என்னை இறக்கிவிட்டன.

ஒன்று, காற்று. நிஜ ஆர்கனில் எல்லாக் குழலும் ஒரே துருத்தியிலிருந்து மூச்சு வாங்குகின்றன. பத்து விரலும் காலும் சேர்ந்து அழுத்தினால் அழுத்தம் ஒரு கணம் தாழும், ஒலி லேசாகத் தள்ளாடும். தனித்தனியாகப் பதிவு செய்த குழல்களுக்கு ஒன்றையொன்று தெரியாது. மென்பொருளில் இதைக் கணக்குப் போட்டுப் போலியாகச் சேர்க்கலாம்; சேர்க்கவும் செய்கிறார்கள். ஆனால் அது அந்தத் துருத்தியின் குணம் இல்லை, எழுதியவரின் ஊகம்.

இரண்டு, வெப்பம். காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் புல்லாங்குழல் வகைக் குழல்களின் சுருதி கிட்டத்தட்ட 30 சென்ட் ஏறும். அதாவது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நாக்குக் குழல்கள் அதே அளவுக்கு நகராது. எனவே ஆகஸ்டில் ஒரே ஆர்கனுக்குள் ரெண்டு கட்சி. வாசிப்பவர் அன்றைக்கு எது எதோடு சேரும் என்று பார்த்து ஸ்டாப்பைத் தேர்ந்தெடுப்பார். ஃபைலில் பதிவு செய்த அந்த ஒரு நாளின் வெப்பம் உறைந்துவிடுகிறது. அது ஆர்கன் இல்லை, ஆர்கனின் ஒரு செவ்வாய்க்கிழமை.

மூன்றாவதைச் சொல்ல ஒரு மென்பொருள்காரனாகத் தலைகுனிகிறேன். நான் பணம் கொடுத்து வாங்கிய ஒலித்தொகுப்பு ஒன்று மறையாக்கம் செய்யப்பட்டது. லைசென்ஸ் இல்லாமல் திறக்காது. லேப்டாப் மாற்றியபோது அது திறக்கவில்லை. யாரிடம் வாங்கினேன் என்பது இங்கே முக்கியமில்லை. பல வாரம் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு சரியாயிற்று. வாங்கி ஆறு வருடம்கூட ஆகாத ஃபைல். 1870இல் செய்த சாதனமோ, அதன் துருத்திக்குத் தோலும் கோந்தும் போட்டு, எந்த நாட்டுத் தச்சரும் புரிந்துகொண்டு பழுது பார்க்கிற மாதிரி இருக்கிறது. அதன் "சோர்ஸ் கோட்" கண்ணுக்கு முன்னால் திறந்து கிடக்கிறது: கட்டையை அழுத்தினால் எந்த மரப்பட்டை எதை இழுத்து எந்த வால்வைத் திறக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். இதில் நீடிக்கக்கூடிய வடிவம் எது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

சட்டம் காப்பாற்றாதா?

கட்டடத்தோடு சேர்த்துப் பாதுகாக்கச் சட்டம் போடலாமே என்று தோன்றும். பாஸ்டனிலேயே அதற்கு ஒரு வழக்கு உண்டு. இம்மாக்குலேட் கன்செப்ஷன் என்ற யேசு சபைத் தேவாலயம். அங்கேயும் ஹுக் ஆர்கன்தான், 1863, ஓபஸ் 322. 1980களில் சபையினர் உள்ளே பெரிய மாற்றங்கள் செய்யத் தொடங்கியபோது, நகரின் பாரம்பரியச் சின்ன ஆணையம் உட்புறத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்தது. வழக்கு மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990இல் தீர்ப்பு சபைக்குச் சாதகம். வழிபாட்டு இடத்தின் உள்ளே எதை எங்கே வைப்பது என்பது மத சுதந்திரம். அரசு தலையிட முடியாது.

தீர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. பலிபீடம் எங்கே இருக்க வேண்டும் என்று நகராட்சி சொல்வதை யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் விளைவைப் பாருங்கள். வழிபடுகிறவர்கள் இருக்கும்வரை உட்புறம் அவர்கள் உரிமை. 2007இல் அந்தத் தேவாலயமும் மூடப்பட்டது. பிறகு கட்டடம் குடியிருப்புகளானது. வெளிச்சுவர் அப்படியே நிற்கிறது. தெருவில் போகிறவருக்கு ஒன்றுமே மாறவில்லை என்று தோன்றும்.

பாரம்பரியம் என்றால் நாம் பெரும்பாலும் கண்ணால் பார்ப்பதையே சொல்கிறோம். காதால் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் குறைவு. ஜெர்மனியின் ஆர்கன் கட்டும் கலையையும் இசையையும் யுனெஸ்கோ 2017இல் தன் பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் அது கலைக்கான அங்கீகாரம். ஒரு குறிப்பிட்ட ஊரில் ஹீட்டிங் அணைக்கப்பட்ட ஒரு ஆர்கனுக்கு அதனால் போர்வை கிடைக்காது.

அப்படியானால்?

எல்லா ஆர்கனையும் காப்பாற்ற முடியாது. சாதாரணமாகச் செய்யப்பட்டவையும் ஏராளம். தேவையைவிட வரத்து அதிகம். இதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். என் வரையில் வரிசை இப்படி வருகிறது.

முதல் தேர்வு, நின்ற இடத்திலேயே கட்டடத்தின் பயனை மாற்றுவது. கிராய்ட்ஸ்பெர்கில் செய்தது மாதிரி. நாற்காலி அடுக்கும் சத்தத்துக்கு நடுவே வாசித்தாலும் குழலும் அறையும் பிரியாமல் இருக்கும். அது முடியாதபோது இடமாற்றம்; ஆனால் பிரிப்பதற்கு முன் பழைய அறையில் வைத்தே முழுமையாக ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இங்கேதான் ஃபைலுக்கு உண்மையான வேலை இருக்கிறது: புதிய இடத்தில் குழலைப் பொருத்துகிறவருக்கு, இது முன்பு எப்படிப் பேசியது என்று சொல்லும் சாட்சியாக. மறையாக்கம் இல்லாமல், திறந்த வடிவத்தில். எங்கேயும் போக வழியில்லாத ஆர்கனுக்கு மட்டும், கடைசியாக, ஒலிப்பதிவு. அதையும் "காப்பாற்றினோம்" என்று சொல்லக்கூடாது. போட்டோ எடுத்து வைத்தோம் என்று சொல்லலாம்.

ஒரு விஷயம் இந்த மூன்றிலும் அடங்கவில்லை. வூபர்னில் 100 வருடத்துக்கும் மேலாக ஞாயிறு தோறும் அந்த ஆர்கனோடு சேர்ந்து பாடியவர்கள். ஆர்கன் ஒரு பாட்டின் முதல் அடியை வாசித்து நிறுத்தும்போது, கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும். நான் சென்னையில் நண்பர் ஒருவரின் திருமணத்தில் அதை ஒரு முறை கேட்டிருக்கிறேன், எலக்ட்ரானிக் கீபோர்டோடுதான். அந்த மூச்சை எந்த லாரியிலும் ஏற்ற முடியாது. அதை எந்த மைக்கும் தனி சாம்பிளாக எடுத்ததாகவும் நான் பார்க்கவில்லை.

பழைய குறிப்பை நீக்கப் போவதில்லை. "கட்டடம் போனாலும் ஃபைல் இருக்கும்" என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் இந்தப் பதிவுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன்.